எலிக்காது அளவு இலை

வாசகர் கேள்விகள்: தானா ஆற்றங்கரையிலிருந்து பதில்கள்

சென்ற இதழில் நோர்வேயின் வடகோடியிலிருந்து நான் எழுதிய சிறு குறிப்பில், "எங்கள் ஊருக்கு வசந்தம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தது" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று தெரிந்திருந்தால் கிழமையைச் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆசிரியர் எல்லாவற்றையும் கட்டி அனுப்பி, "நீங்கள் மூட்டிய அடுப்பு, நீங்களே பாருங்கள்" என்றுவிட்டார். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் பெயர்களை விட்டு ஊர்களை மட்டும் போட்டிருக்கிறேன். இதை எழுதும்போது ஜூன் இரண்டாம் கிழமை (வாரத்தையும் நாங்கள் கிழமை என்றுதான் சொல்வோம்). இரவு பதினொன்றரை மணி. விளக்குப் போடவில்லை.

*வசந்தம் என்பது ஒரு பருவம். அது எப்படி அக்கா ஒரு கிழமையில், ஒரு நேரத்தில் வரும்? எழுத்து அழகுக்காகச் சொன்னதுதானே?*
— கல்லூரி மாணவி, கும்பகோணம்

அழகுக்காகச் சொல்லவில்லை, தங்கச்சி. அன்று எனக்கு வேலையில்லை. காலை பதினொரு மணிக்குத் தபால் பெட்டிக்குப் போனபோது வீதிக்குக் குறுக்கே கிடக்கும் மதகில் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மணிக்குக் குப்பை கொட்டப் போகிறேன், மதகுக்குள் தண்ணீர் பேசிக்கொண்டிருக்கிறது. ஏழு மாதம் வாயடைத்துக் கிடந்த மதகு. வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டேன். எனக்கு வசந்தம் என்றால் அந்தச் சத்தம்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் வருபவை.

ஆனால் அது திடீரென்று வந்ததா என்று கேட்டால், வந்தது மட்டும்தான் திடீர். கணக்கு ஜனவரியிலிருந்தே ஓடுகிறது. இங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் எழுவதில்லை. மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை பின்பகுதிவரை மறைவதில்லை. இடையில் இருப்பது நான்கு மாதம். அதற்குள் பகல் பூச்சியத்திலிருந்து இருபத்துநான்கு மணிநேரமாக வளர வேண்டும். வகுத்துப் பாருங்கள், சராசரியாக ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நிமிடம் வரும். இன்றைக்குப் பல் விளக்கிய நேரத்தில் இருந்த இருட்டு அடுத்த கிழமை இருக்காது.

இவ்வளவு வெளிச்சம் வந்தும் மார்ச், ஏப்ரல் முழுக்க முற்றத்தில் இடுப்பளவு பனி. எங்கே போகிறது அந்த வெயில்? பாதிக்கு மேல் வந்த வழியே திரும்பிப் போகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் எட்டுப் பங்கையும் அதற்கு மேலும் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மிச்சத்தைப் பனி விழுங்குகிறது. இதை எனக்கு விளங்க வைத்தது பள்ளிக்கூடம் இல்லை, குசினி. நான் ஒரு முதியோர் இல்லத்தில் சமைக்கிறேன். பெரிய பானையில் பனிக்கட்டியைப் போட்டு அடுப்பில் வைத்து, உள்ளே வெப்பமானியை விட்டுப் பாருங்கள். கடைசித் துண்டு மிதக்கும்வரை முள் பூச்சியத்தைவிட்டு அசையாது. ஒரு கிலோ பனிக்கட்டியை வெறும் தண்ணீராக்கச் செலவாகும் வெப்பம், அதே ஒரு கிலோ தண்ணீரைப் பிறகு 80 பாகைவரை சூடாக்கப் போதும். அந்தக் கடைசித் துண்டு கரைந்ததும் முள் விறுவிறு என்று ஏறும். எங்கள் பள்ளத்தாக்கு அப்படி ஒரு பானை. இரண்டு மூன்று மாதம் அடுப்பு எரிந்தும் ஒன்றும் நடக்காதது போலக் கிடக்கும். கறுப்பு மண் தெரியத் தொடங்கியதும், அதன்மேல் இரவும் பகலும் வெயில் விழ, மூன்றே கிழமையில் இலைவரைக்கும் முடிந்துவிடும்.

*நீங்கள் இருக்கும் இடத்தைப் படத்தில் தேடினேன். தானா என்று ஓர் ஆறு கிடைத்தது. அதுதானா? யாழ்ப்பாணத்து ஆள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள்?*
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வவுனியா

அதேதான் ஐயா. ஃபின்மார்க் என்னும் வட மாவட்டம், 70 பாகை வடக்கு. ஆற்றின் பெரும்பகுதி நோர்வேக்கும் பின்லாந்துக்கும் எல்லை. சாமி என்னும் வடக்குப் பூர்வகுடி மக்களின் ஊர். அவர்கள் மொழியில் ஆற்றின் பெயர் தெயாட்னு, பேராறு என்று பொருள்.

சேர்ந்த கதை நீங்கள் அறிந்ததுதான். அந்தோணி இராஜேந்திரம் 1956இல் நோர்வே போனதும், பிறகு 1967இல் செய்-நோர் என்ற மீன்பிடித் தொழில் அமைப்பைத் தொடங்கியதும், குருநகரில் வலை பின்னியதும், காரைநகரில் படகு கட்டியதும் உங்கள் தலைமுறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எண்பதுகளில் படிக்க வந்த பிள்ளைகள் பலர், கடைசியில் கையில் கத்தியோடு நின்றது வடக்கு மீன் தொழிற்சாலைகளில்தான். இங்கே ஆள் தட்டுப்பாடு, அங்கே ஊரில் சண்டை. நாங்கள் 1989இல் வந்தோம். வாரங்கர் தீபகற்பத்தின் கரையில் ஒரு கிராமம், மருந்துக்கும் ஒரு மரம் கிடையாது. பதினேழு வருடம் மீன் வெட்டினேன். தொழிற்சாலை மூடிய பிறகு மற்றவர்கள் ஒஸ்லோவுக்குப் போனார்கள். என் கணவருக்கு இங்கே வீதி வேலை கிடைத்தது, ஆகவே நாங்கள் உள்ளே, பள்ளத்தாக்குக்கு வந்தோம். மரம் இருந்தது, போதும் என்றிருந்தது.

*சித்திரை வருடப்பிறப்புக்கு என்ன செய்வீர்கள்? அங்கே அப்போது பூ இருக்குமா?*
— இல்லத்தரசி, பருத்தித்துறை

பூவா? வாசல் கதவைத் திறக்கவே முதலில் மண்வெட்டி வேண்டும். புத்தாண்டுக் குளியலுக்கு மருத்துநீர் வைக்க ஒஸ்லோவிலிருந்து பொட்டலம் வரும். தலைக்கும் காலுக்கும் வைக்கும் இலைக்குத்தான் பஞ்சம். முதல் சில வருடம் கடையில் விற்கும் மல்லிக்கீரையை வைத்து, எல்லோரும் ரசம் போல மணந்துகொண்டு இருந்தோம்.

பிறகு பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு வழி காட்டினார். சாமி ஆச்சி, எண்பத்துமூன்று வயது, பங்குனி வெயிலில் கறுத்த முகம். மார்ச் கடைசியில் பேர்ச் மரத்தின் மொட்டைக் கிளைகளை வெட்டி வந்து, வீட்டுக்குள் தண்ணீர்ச் சாடியில் வைக்கச் சொன்னார். நோர்வேக்காரர் ஈஸ்டருக்கு முன் செய்யும் வழக்கம் அது, கோழி இறகு கட்டி அலங்கரிப்பார்கள். எனக்கு இறகு வேண்டாம், இலை வேண்டும். வைத்த மூன்றாம் நாள் மொட்டு பிசுபிசுத்தது. இரண்டு கிழமையில் இலை வந்துவிட்டது, மடிப்புக் குலையாத புதுச்சேலை போல, வரிவரியாக.

அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. அந்த இலையை மரம் இந்த வருடம் செய்யவில்லை. போன கோடையிலேயே செய்து, மடித்து, மொட்டுக்குள் பிசின் பூசி வைத்துவிட்டது. போதுமான குளிர் பட்ட பிறகு அது காத்திருந்தது சூட்டுக்குத்தான். என் குசினி மேசையில் அது ஏப்ரலில் நடக்கிறது, மலையில் ஜூனில் நடக்கிறது.

*வலைத்தளப் படங்களில் நோர்வே வசந்தம் சொர்க்கமாக இருக்கிறது. அடுத்த மே மாதம் குடும்பத்தோடு வரலாமா?*
— வங்கி ஊழியர், கோயம்புத்தூர்

நீங்கள் பார்த்தது தெற்கே, ஆப்பிள் பூத்த பள்ளத்தாக்குகள். அங்கே போங்கள், நன்றாக இருக்கும். எங்கள் பக்கம் மே மாதம் வராதீர்கள். ஆண்டில் நாங்கள் விருந்தாளிக்குக் காட்ட விரும்பாத ஒரே மாதம் அது.

ஒரு குளிர்காலத்தில் வீதியில் விழுந்த அத்தனையும் பனிக்குள் அடுக்கடுக்காகப் பத்திரமாக இருக்கும். உருகும்போது கடைசியில் வந்தது முதலில் வெளிவரும். சறுக்காமலிருக்கக் கொட்டிய சல்லிக்கல், ஒற்றைக் கையுறைகள், புத்தாண்டு வாணவேடிக்கைக் குச்சி, ஊர் நாய்கள் நவம்பரிலிருந்து போட்டு வைத்தது எல்லாம். நாற்றத்தை நான் விவரிக்கவில்லை. நிலத்துக்குக் கீழே உறைந்திருப்பது மேலிருந்து கீழாகக் கரையும். மேல்மண் கூழ், அடியில் இன்னும் கல். தண்ணீர் இறங்க வழியில்லை. மண் வீதிகளில் பாரவண்டிகளுக்கு எடைக் கட்டுப்பாடு போடுவார்கள். என் கணவருக்கு அந்த மாதம் வீட்டு ஞாபகமே இருக்காது. ஆணி பதித்த டயரை ஏப்ரல் 30க்குள் கழற்ற வேண்டும் என்பது வடக்கின் சட்டம். மே 2ஆம் தேதி பனி கொட்டும் என்பது சட்டத்தில் இல்லாத வழக்கம்.

நடப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் இளகிய பனி இரவில் மேலே ஓடு போல இறுகும். அதிகாலையில் அதன்மேல் ஆள் நடக்கலாம், மாடு நடக்கலாம். மத்தியானம் அதே ஓடு அப்பளம். இங்கே வந்த முதல் வருடம், வீதியைச் சுற்றிப் போகச் சோம்பல்பட்டு, பகல் ஒரு மணிக்குத் தோட்டம் வழியாகத் தபால் பெட்டிக்குக் குறுக்கே நடந்தேன். பாதி வழியில் இடுப்புவரை இறங்கிவிட்டேன். ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் ஆழம் போகிறது, சப்பாத்து உள்ளேயே நிற்கிறது. ஆச்சி ஜன்னலால் பார்த்துக் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "படு" என்றார். பனிமேல் குப்புறப் படுத்து, பலகையைப் பிடித்து, உடும்பு போல ஊர்ந்து வெளியே வந்தேன். சப்பாத்து இரண்டு கிழமை கழித்துத் தானாகக் கிடைத்தது.

பனி பார்க்க வேண்டுமா, மார்ச்சில் வாருங்கள். பச்சை பார்க்க வேண்டுமா, ஜூன் நடுவில். அதற்குப் பிறகு வருபவர்களைக் கொசு வரவேற்கும். ஊர்க் கொசுவை இனிக் குறை சொல்ல மாட்டீர்கள்.

*இரவே இல்லாவிட்டால் எப்படித் தூங்குவீர்கள்?*
— வாசகர், மதுரை

குசினி அலுமினியத் தாளை ஜன்னலில் ஒட்டி, மேலே கறுத்தத் துணி. என் கணவர் இரண்டும் இல்லாமல் தூங்குவார். அவரை உதாரணமாக எடுக்க வேண்டாம்.

*மீன் வேலை செய்தவர் என்கிறீர்கள். மீன்காரருக்கு வசந்தம் எப்போது?*
— கருவாட்டு வியாபாரி, இராமேஸ்வரம்

அண்ணா, உங்கள் கேள்விதான் என்னை எழுந்து தேத்தண்ணீர் வைக்கச் செய்தது.

கரையோரத்தில் வசந்தத்தை அறிவிப்பது பூவோ பறவையோ இல்லை, ஈ. இங்கே தொஸ்க் என்று சொல்லும் கொட் மீனைத் தலைவெட்டி, குடலெடுத்து, வாலோடு வால் இரண்டிரண்டாகக் கட்டி, பெரிய மரச்சட்டங்களில் வெளியே தொங்கவிடுவார்கள். உப்பு கிடையாது. வெயிலும் சொல்லும்படி இல்லை. குளிர்காற்று ஒன்றுதான் காயவைக்கிறது. உப்பில்லாத கருவாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டால் விறகு, தட்டினால் மரச்சத்தம். நல்லது இத்தாலிக்கும், தலைகள் நைஜீரியாவுக்கும் போகும்.

இதில் நுணுக்கம் காலம்தான். பிப்ரவரிக் கடுங்குளிரில் தொங்கவிட்டால் சதை உறைந்து பிறகு பஞ்சாகிவிடும். பிந்தினால் ஈ உட்கார்ந்து முட்டை வைத்துவிடும். பூச்சியத்தை ஒட்டி, அதற்குச் சற்று மேலும் கீழுமாக நிற்கும் அந்த இடைவெளிக்குள் மீன் மேல்தோல் இறுகிவிட வேண்டும். எங்கள் மேற்பார்வையாளர் ஏப்ரல் கடைசியில் தினம் காலையில் சட்டங்களுக்குக் கீழே நின்று மேலே பார்ப்பார். நாங்கள் உள்ளேயிருந்து, "வந்துவிட்டதா?" என்று கேட்போம். வசந்தத்தை இப்படிப் பயத்தோடு விசாரித்தவர்கள் உலகத்தில் மீன்காரர்களாகத்தான் இருக்க முடியும். நம்மூரில் உப்பும் வெயிலும் செய்கிற வேலையை இங்கே நாட்காட்டி செய்கிறது.

*குயில் கூவுமா?*
— கவிதை எழுதும் அஞ்சல் ஊழியர், தஞ்சாவூர்

கூவும். நம் குயிலின் ஒன்றுவிட்ட சகோதரம், அதே குடும்பத்தில் இன்னொன்று. இதுவும் மற்றப் பறவையின் கூட்டில் முட்டையிடும் திருட்டுச் சாதி. இங்கே அதற்குப் பல்லி சாஸ்திரம் போல ஒரு சாஸ்திரம் உண்டு. வருடத்தின் முதல் கூவல் எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்பதுதான் கணக்கு. மேற்கு என்றால் மிக நல்லது, கிழக்கு என்றால் ஆறுதல். நோர்வே மொழியில் இரண்டும் எதுகையாக வரும், அதற்காகவே உண்டாக்கியிருப்பார்கள். எனக்கு இந்த வருடம் கேட்டது தெற்கிலிருந்து. அதற்குப் பலன் என்ன என்று ஆச்சியிடம் கேட்கவில்லை.

*கலைமான்கள் உங்கள் வீட்டுப் பக்கம் வருமா? அவற்றுக்கும் இது நல்ல காலமா?*
— கால்நடை மருத்துவ மாணவர், நாமக்கல்

தம்பி, சாமி மொழியில் மே மாதத்தின் பெயரே மியெஸ்ஸெமான்னு. கலைமான் கன்று மாதம். அதற்கு முந்திய ஏப்ரல், நான் விழுந்த அந்த ஓட்டுப்பனியின் மாதம். கன்று ஈனப் போகும் மந்தைகள் அந்த இறுகிய ஓட்டின் மேல் இரவில் நடந்துதான் உள்நாட்டு மேய்ச்சலிலிருந்து கரைப்பக்கம் போகும். நான் இடுப்பளவு மூழ்கிய பனி அவற்றுக்குத் தார்வீதி.

சாமி மக்கள் ஆண்டை எட்டுப் பருவமாகப் பிரிக்கிறார்கள். குளிருக்கும் வசந்தத்துக்கும் நடுவில் ஒன்று, வசந்தத்துக்கும் கோடைக்கும் நடுவில் ஒன்று என்று இடைப்பருவங்கள் நான்கு. முதலில் இது மிகை என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் நம்மவர்கள் முன்பனி, பின்பனி என்று புல்நுனியில் நிற்கும் நீர்த்துளிக்கே இரண்டு பருவம் கொடுத்திருக்கிறார்கள். கூரையை நெரிக்கும் பனிக்கு இவர்கள் எத்தனையும் கொடுக்கலாம்.

கன்று ஈனும் காலத்தில் மந்தையைக் கலைக்கக்கூடாது. மே 5 முதல் ஜூன் 30 வரை ஸ்கூட்டரில் காட்டுக்குள் உல்லாச ஓட்டம் தடை. ஸ்கூட்டர் என்றால் இங்கே பனியில் ஓடும் மோட்டார் வண்டி, நாமக்கல் ஸ்கூட்டர் இல்லை. கலைமான்களுக்கு உண்மையான ஆபத்து குளிர் இல்லை. இந்த மாவட்டத்துக் கராஷோக் ஊரில் 1886இல் மைனஸ் 51.4 பாகை பதிவானது, அதையும் தாங்கிய இனம். நடுக்குளிரில் மழை பெய்து, அது உறைந்து, அவை தின்னும் லைக்கன் பாசிக்கு மேல் கண்ணாடி போட்டாற்போல் மூடிவிட்டால்தான் பட்டினி. குளம்பால் பனியைத் தோண்டலாம், பனிக்கட்டியைத் தோண்ட முடியாது.

*ஆற்றுப் பனி உடைவதற்குப் பந்தயம் கட்டுவார்கள் என்று படித்தேன். உண்மையா? நீங்கள் கட்டியதுண்டா?*
— வாசகர், திருச்சி

நீங்கள் படித்தது அலாஸ்காவில் நெனானா என்ற ஊராக இருக்கும். அங்கே 1917இல் ரயில் பாதை போட வந்த பொறியாளர்கள் நேரம் போகாமல் தொடங்கியது. ஆற்றுப் பனியில் ஒரு சட்டத்தை நட்டு, கரையிலுள்ள கடிகாரத்தோடு கயிற்றால் இணைத்துவிடுவார்கள். பனி நகர்ந்து கயிறு இழுபட்டால் கடிகாரம் நிற்கும், நிமிடக் கணக்கில் சரியாகச் சொன்னவருக்குப் பணம். 2019இல் ஏப்ரல் 14ஆம் தேதியே உடைந்துவிட்டது, அதற்கு முன் அவ்வளவு வேளைக்கு உடைந்ததில்லை. எங்கள் பக்கத்திலும் பழைய கணக்கு உண்டு. சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் இடையில் ஓடும் தோர்னியோ ஆற்றில் பனி உடையும் நாளை 1693 முதல் எழுதி வருகிறார்கள். அந்த ஏட்டைப் பார்த்தால் ஆறு பாட்டன் காலத்தைவிட முந்தித்தான் உடைகிறது.

நான் பந்தயம் கட்டியதில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்க நாளானது. முதல் வருடம் நள்ளிரவில் ஆற்றுப் பக்கம் வெடித்ததைக் கேட்டு, யோசிக்கும் முன்பே கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன். கணவரும் அங்கேதான் இருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தோம். வெளியே ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்தோம்.

இந்த வருடம் செவ்வாய் மதகு பேசியது, வெள்ளி இரவு ஆறு உடைந்தது. மலையில் வெயில் இருந்தது. ஊர் முழுக்கக் கரையில், கையில் கோப்பிக் குவளை. முதலில் நடுவில் ஒரு கறுப்புக் கோடு. பிறகு பாரவண்டி கல் கொட்டுவது போல ஒரு நீண்ட உறுமல். கதவளவு கட்டிகள் நிமிர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, கரையில் இருந்த புதர்களை வழித்துக்கொண்டு போயின. ஒரு கட்டியின் மேல் யாரோ மீன்பிடிக்க வைத்த மடக்குக் கதிரை அப்படியே, மடங்காமல், ஆள் இருந்தால் போலக் கடலைப் பார்த்துப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆச்சி மட்டும் தன் கவிழ்த்து வைத்த படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் குறைந்துபோனதால் 2021இல் இந்த ஆற்றில் சால்மன் பிடிப்பதையே தடை செய்தார்கள். ஆறு திறந்த இரவில் படகுக்குத் தார் பூசாமல் நிற்பது அவருக்குப் புதிது.

*வெள்ளை போனதும் முதலில் என்ன நிறம் வரும்?*
— ஏழாம் வகுப்பு மாணவி, மட்டக்களப்பு

இவ்வளவு நேரம் இந்தக் கேள்விக்காகத்தான் எழுதினேன், குஞ்சு. முதலில் மண்ணிறம், அதுவும் அழுக்கு மண்ணிறம். போன வருடத்துப் புல் தலைவாரி விட்டது போலப் படுத்துக் கிடக்கும். அடுத்தது மஞ்சள். மதகுக்குப் பக்கத்தில், இலை வரும் முன்பே, சல்லிக்கல்லுக்குள்ளிருந்து ஒரு பூ நேரே எழும்பும். பெயர் ஹெஸ்தஹோவ், குதிரைக் குளம்பு என்று பொருள். பிறகு வரும் இலை அந்த வடிவம். மூன்றாவது நிறத்தைப் பலர் பார்ப்பதில்லை. பேர்ச் காடு தூரத்தில் கத்தரிப்பூ நிறமாக மங்கலாகும், மொட்டுகள் வீங்குவதால். அதற்குப் பிறகுதான் பச்சை.

பச்சைக்கு இங்கே ஓர் அளவு இருக்கிறது. இலை எலிக்காது அளவு ஆனால்தான் வசந்தம் என்று ஒப்புக்கொள்வார்கள். போன சனிக்கிழமை ஆச்சி வேலியோரம் நின்று ஒரு கிளையை இழுத்து, இலையைத் தன் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். "இது எலி இல்லை, எலிக்குஞ்சு" என்று கிளையை விட்டுவிட்டார்.

நேற்று வேலை முடிந்து வந்தபோது அதே கிளையை இழுத்துப் பார்த்தேன். காது வளர்ந்திருந்தது. என் கழுத்தில் முதல் கொசுவும் உட்கார்ந்தது.